குடைக்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நம்மாள் தன் வாழ்நாளிலேயே மிக உறுதியான முடிவு ஒன்றை எடுத்தார். விழுங்குவதில்லை.

முடிவு எடுப்பது சுலபம். அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் கஷ்டம்.

"மாத்திரை போட்டாச்சா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ம்."

"தண்ணி குடிச்சீங்களா?"

"ம்ம்."

"என்ன, வாயைத் திறக்காமலே பதில் வருது?"

"ம்ஹும்" என்று சொல்லிவிட்டு நம்மாள் குளியலறைக்குள் பாய்ந்தார். மாத்திரையைக் கைக்குட்டையில் துப்பினார். சட்டைப் பையில் போட்டார். கண்ணாடியில் பார்த்தார். ஒரு பெரிய சதிகாரன் தெரிந்தான். முகத்தில் பற்பசை ஒட்டியிருந்தது, அது வேறு விஷயம்.

நம்மாளுக்கு வயது நாற்பத்து நான்கு. தொழில், கட்டடம் கட்டுவது. பயந்துவிடாதீர்கள், எல்லாம் மேஜை மேல்தான். பெரிய பெரிய கட்டடங்களுக்குப் படம் வரைபவர்கள், கட்டுவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு சின்ன மாதிரி கேட்பார்கள். அட்டை, மெல்லிய மரத்தகடு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், கூர்மையான கத்தி, பசை. இவற்றை வைத்து நம்மாள் நூறில் ஒரு பங்கு அளவில் ஆஸ்பத்திரி செய்வார், பள்ளிக்கூடம் செய்வார். வாசலில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரத்தில் மனிதர்களை ஒட்டுவார்.

இந்த மனிதர்களால்தான் வம்பு. மற்ற மாடல்காரர்கள் கட்டடத்தை முடித்துவிட்டு, கடைசியில் நாலு ஆட்களை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நம்மாள் முதலில் ஆட்களை ஒட்டுவார். பிறகு, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அவர்களைக் கேட்பார். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். கட்டடத்துக்குச் சுவர் இருக்காது.

நூலகம் ஒன்றின் மாடல் செய்துகொண்டிருந்தபோது, ஒரு சின்ன ஆளின் கையில் கறுப்புக் காகிதத் துணுக்கு ஒன்று தவறி ஒட்டிக்கொண்டது. பார்த்தால் மடித்த குடை மாதிரி இருந்தது. மாடலில் மழை கிடையாது, இவர் ஏன் குடையோடு வருகிறார்? இந்தக் கேள்வி நம்மாளின் ஒரு முழுச் செவ்வாய்க்கிழமையை விழுங்கியது. குடைக்காரர் தினமும் நூலக வாசல் வரை வருகிறார், உள்ளே போகாமல் திரும்புகிறார். மூன்றாவது மாடியில் மஞ்சள் உடுப்புப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் சாப்பிடும்போது நம்மாள் மனைவிக்கு இந்தக் கதையைச் சொல்வார். மனைவி "ம்" என்பாள். பரிமாறுவாள். கேட்கிறாளா இல்லையா என்று நம்மாளுக்குத் தெரிந்ததே இல்லை.

மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஓடும் பட்டையில் நிமிஷத்துக்கு நூற்றிருபது பிஸ்கட் அவள் கண் முன்னால் போகும். எதில் விளிம்பு உடைந்திருக்கிறது, எதில் ஒரு பக்கம் அதிகம் சிவந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணோடு பதினெட்டு வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். இவருடைய சாவி, மூக்குக்கண்ணாடி, தங்கை பிறந்தநாள் எல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தன.

ஒருநாள் ஊரிலிருந்து திரும்பும் மனைவியை அழைத்துவர நம்மாள் ரயில் நிலையத்துக்குப் போனார். சரியான நேரத்துக்குத்தான் போனார். அங்கே மேற்கூரை இரும்புச் சட்டங்களின் மேல் வெயில் விழுந்து நழுவிக்கொண்டிருந்தது. அதை அட்டையில் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி இரண்டு பெட்டிகளோடு நடைமேடையில் நின்றிருந்தாள். அவள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, "எங்க போயிருந்தே?" என்று கேட்டார்.

மறுநாளே டாக்டர். இளம் பெண், பொறுமைசாலி. இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, "இது ஏ.டி.ஹெச்.டி. கவனம் ஓரிடத்துல நிக்காத கோளாறு" என்றார்.

"அது சின்னப் பசங்களுக்கு வர்றதில்லையா டாக்டர்?"

"உங்களுக்கும் சின்னப் பையனா இருக்கறப்பவே வந்திருக்கு. நீங்கதான் கவனிக்கலை."

ஒரு மாத்திரை எழுதினார். மனைவியிடம் ஒரு தாளைக் கொடுத்தார். "நாலு வாரம் ஒரு நாள் விடாம போடணும். தினமும் எப்படி இருக்காருன்னு இதுல நீங்க எழுதுங்க. பசி, தூக்கம், வேலை எல்லாம். அப்புறம் கூட்டறதா, குறைக்கறதான்னு பார்க்கலாம்."

முதல் நாள் மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் நம்மாளுக்கு ஒன்று நடந்தது. சந்தையில் நிற்கிற மாதிரி எப்போதும் இரைச்சலாக இருந்த தலைக்குள் யாரோ வந்து ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. அதற்குள் நூலகத்தின் மாடிப்படி இருந்தது. பதினாறு படி. உட்கார்ந்த இடத்தில் பதினாறையும் வெட்டி ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். அழுகை வந்தது. எல்லாருக்கும் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? இது தெரியாமல் எத்தனை பேரிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறோம்!

நூலகம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. முதலாளி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

எல்லாம் சரி. மதியம் பசிக்கவில்லை, வாய் வறண்டது, அதுவும் சரி. ஆனால் குடைக்காரர் நின்றுவிட்டார். நம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தார். ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பிளாஸ்டிக். கையில் ஒரு காகிதத் துணுக்கு. அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மனைவி "ம்" என்று சொல்லவும் ஒன்றுமில்லை. இருவரும் நல்ல பிள்ளைகளாகச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

வேலை நாளில் மாத்திரை வேண்டும், அதில் நம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறு ஒருநாள் மட்டும் தன்னைத் தன் போக்கில் விடக்கூடாதா என்பதுதான் அவர் கேள்வி. கேட்டால் டாக்டர் மனைவியைப் பார்ப்பார். ரயில் நிலையத்தில் நின்றவள் என்ன சொல்வாள் என்று கேட்டா தெரிய வேண்டும்? அதனால்தான் இந்தச் சதி. இரண்டு வாரம் பார்த்துவிட்டு மூன்றாவது ஞாயிறு தொடங்கினார்.

நூலகத்துக்கு முதலில் செய்து, முதலாளிக்குப் பிடிக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பழைய மாடல் வீட்டில் ஜன்னலோர மேஜையில் இருந்தது. குடைக்காரரையும் மஞ்சள் உடுப்புப் பெண்ணையும் பெயர்த்துக் கொண்டுவந்து அதில் ஒட்டியிருந்தார். நம்மாள் அதன் முன்னால் உட்கார்ந்தார். பத்து மணி வெயில் கண்ணாடி வழியாக இறங்கி மெதுவாக வாசல்படிக்கு வந்தது. குடைக்காரரின் நிழல் நீண்டது. நிழல் முதலில் அசைந்தது. பிறகு அவர் அசைந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அட்டைத் தெருவில் காற்று வந்தது, பஞ்சு மரங்கள் சலசலத்தன. மூன்றாம் மாடியில் மஞ்சள் உடுப்பு பக்கத்தைப் புரட்டியது. குடைக்காரர் முதல் படியில் கால் வைத்தார். எங்கோ தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க!"

தன்னைத்தான்.

"நாலு தடவை கூப்பிட்டேன். இன்னிக்கு மாத்திரை போட்டீங்க இல்ல?"

"போட்டேனே! அதான் ஒரே கவனமா இருந்தேன்."

"எதுல?"

"ஜன்னல்ல."

"ஜன்னல்ல என்ன?"

"கறை. எப்படித் துடைக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"அட!" என்றாள் மனைவி. உள்ளே போனாள். சோப்புத் தண்ணீரும் துணியுமாகத் திரும்பி வந்தாள். "கூடத்துல நாலு ஜன்னல் இருக்கு. படுக்கையறையில ரெண்டு."

ஆறு ஜன்னல் முடிய மதியம் ஆனது. முதல் படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

புதன்கிழமை, துவைத்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டியபோது பையில் ஏதோ உருண்டது. மாத்திரை! எடுக்க மறந்தே போயிருந்தார். சோப்பு, தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் தாண்டி ஒரு சிராய்ப்பு கூட இல்லாமல் இருந்தது. இந்தக் காலத்தில் மாத்திரை எவ்வளவு உறுதியாகச் செய்கிறார்கள் என்று வியந்து, தப்பித்த சந்தோஷத்தில் அதைப் பசை டப்பாவின் மூடிக்குள் ஒளித்து வைத்தார்.

இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கு ஒரு யோசனை வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் போனார். ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். முப்பது வருஷம் பொய்யர்களோடு பழகியவர். முழு விஷயத்தையும் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, டிக்கெட் இல்லாதவன் என்ன பண்ணுவான் தெரியுமா? ஜன்னலைப் பார்ப்பான். என்னைக் கண்டதும் பத்துப் பேர்ல எட்டுப் பேர் வெளிய வேடிக்கை பார்ப்பாங்க. நேரா போய் அவங்களைத்தான் புடிப்பேன்."

"ஜன்னலைப் பாக்கத்தானே அண்ணே நான் இவ்வளவும் பண்றேன்?"

"பாக்காதீங்க. தப்பிச்சவங்க எல்லாம் யாரு தெரியுமா? யாருக்காவது பெட்டியைத் தூக்கி மேல வச்சுக்கிட்டிருப்பான். குழந்தைக்குத் தண்ணி புடிச்சுக் கொடுப்பான். ஓடியாடி வேலை செய்யறவனை எவன் சந்தேகப்படுவான்?"

"அப்ப நான் எப்பண்ணே சும்மா இருக்கறது?"

"முதல்ல மாட்டாம இருங்க தம்பி."

நாலாவது ஞாயிறு நம்மாள் ஓடியாடினார். மனைவி கேட்பதற்கு முன்னாலேயே சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மூன்று வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவை நிமிர்த்தினார். கைப்பிடி தலைகீழாக அமைந்தது, ஆனால் கதவு சாத்தியது. செருப்பு அலமாரியைக் கவிழ்த்துத் தட்டினார். மனைவியின் அத்தைக்குத் தானே போன் போட்டு, முழங்கால் வலியை இடது காலுக்குத் தனியாகவும் வலது காலுக்குத் தனியாகவும் விசாரித்தார். அத்தை பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள்.

இத்தனைக்கும் நடுவே தலைக்குள் கதை பொங்கிக்கொண்டிருந்தது. வாஷரை முடுக்கும்போது குடைக்காரர் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார். செருப்பைத் தட்டும்போது அந்தக் குடை யாருடையது என்பதே தெரிந்துவிட்டது! என்னமாய் ஒரு திருப்பம்! செருப்பும் கையுமாக நம்மாள் அப்படியே நின்றார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மறுபடி தட்டினார்.

மதியம் அகோரப் பசி. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மனைவி பரிமாறினாள். பிறகு தாளை எடுத்து என்னவோ எழுதினாள். எழுதும்போது லேசாகச் சிரித்தாள். நம்மாள் மனசுக்குள் எதிர்வீட்டு அண்ணனுக்குச் சலாம் போட்டார்.

சாயங்காலம் இருவரும் தேநீரோடு உட்கார்ந்தார்கள். வெளிச்சம் தங்க நிறத்தில் அட்டை நூலகத்தின் மேல் படிந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"அந்தக் குடைக்காரர் என்ன ஆனாரு?"

நம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள்! "ம்" என்றது கேட்டுக்கொண்டுதான்! நாக்கு நுனியில் முழுக் கதையும் வந்து நின்றது. இரண்டாம் மாடி, குடையின் சொந்தக்காரி, எல்லாம். வாயைத் திறந்தார். திறந்த வாயிலேயே பயம் புகுந்தது. மாத்திரை போட்ட நாளில் கதை வராது என்று இவளுக்குத் தெரியும். சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

"என்ன ஆகறது?" என்றார். "அது வெறும் பிளாஸ்டிக்தானேம்மா."

மனைவி எழுந்தாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கதையைக் காப்பாற்றப் போய் அதைக் கேட்பவளைத் தொலைத்துவிட்டோமோ என்று நம்மாளுக்குத் தோன்றியது. குடைக்காரரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை டாக்டர். எடை பார்த்தார், இரண்டு கிலோ குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் சரி. தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். புருவம் உயர்ந்தது.

"பரவாயில்லையே! வேலையில நல்ல முன்னேற்றம். வீட்ல கடைசி ரெண்டு ஞாயித்துக்கிழமை பிரமாதமா இருக்கே!"

இதற்காகத்தான் நம்மாள் காத்திருந்தார். எழுந்து நின்றார். கைக்குட்டையைப் பிரித்து இரண்டு மாத்திரைகளை மேஜை மேல் வைத்தார்.

"அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமையும் நான் மாத்திரையே போடலை டாக்டர்!"

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றார் டாக்டர். தாளைத் திருப்பிக் காட்டினார். மனைவியின் கையெழுத்து, வரி பிசகாமல் இருந்தது. 'மூன்றாம் ஞாயிறு. மாத்திரை போடவில்லை. மதியம் நன்றாகச் சாப்பிட்டார். ஆறு ஜன்னல் துடைத்தார். துவைக்கும் முன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். இஸ்திரி போட்டபின் திரும்ப வைத்துவிட்டேன். நாலாம் ஞாயிறு. போடவில்லை. மூன்று தட்டு சாப்பிட்டார். குழாய், கதவு, செருப்பு, அத்தை.'

நம்மாள் உட்கார்ந்தார்.

"இப்படித் திருட்டுத்தனமா நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். "என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எதுக்கு நிறுத்தினீங்க?"

நம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். சதியெல்லாம் போய்விட்டது, இனி உண்மைதான் பாக்கி. "ஆறு நாள் எல்லாரையும் மாதிரி இருக்கேன் டாக்டர். சந்தோஷமாத்தான் இருக்கு. பொய் சொல்லலை. ஆனா ஒரு நாளாவது என்னை மாதிரி இருக்கணும்னு தோணுது. என் தெருவுல யாருமே நடக்க மாட்டேங்கறாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. எடையும் குறையுது. உங்களுக்கு வாரத்துல ஒரு நாள் இடைவெளி கொடுத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனா வீட்ல இருக்கறவங்க என்ன சொல்றாங்க?"

நம்மாள் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எனக்குச் சம்மதம் டாக்டர்" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை மாத்திரை வேண்டவே வேண்டாம்."

நம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய்த் தப்பாக நினைத்தோமே!

"இந்தத் தாள்ல எழுதியிருக்கற மாதிரியே ஞாயித்துக்கிழமை போனா எனக்குப் போதும்" என்றாள் தொடர்ந்து.

"நியாயம்தான்" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டர் எழுத ஆரம்பித்தார். "ரெண்டு மாசம் பார்ப்போம். இதே மாதிரி இருந்தா லீவு தொடரட்டும். தாளை நீங்களே எழுதுங்க, கையெழுத்தும் நீங்களே போடுங்க."

படியிறங்கும்போது நம்மாள் கேட்டார். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"முதல் நாளே. எட்டரை மணிக்கு."

"அப்பவே ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா ஜன்னல் சுத்தமாயிருக்குமா?" என்றாள். இரண்டு படி இறங்கியபின் குரல் தணிந்தது. "ஆனா வெறும் பிளாஸ்டிக்னு சொன்னீங்க பாருங்க, அதான் தாங்கலை. அன்னிக்குப் பூரா அவரு எப்ப மேல போவாருன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன்."

"ரெண்டாம் மாடி வரைக்கும் போயிட்டாரு!" நம்மாள் நடுப்படியிலேயே நின்றுவிட்டார். தெரு, வெயில், மருந்துக்கடைப் பலகை எல்லாம் மிதந்தன. "அந்தக் குடை யாருதுன்னு தெரிஞ்சா அசந்துருவே. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஜன்னலோரம் சாவகாசமா உக்காருவோம், முழுக்கச் சொல்றேன்."

"ஜன்னல் எதுக்கு?" என்றாள் மனைவி, அவர் கையைப் பிடித்து மெதுவாக அடுத்த படிக்கு இறக்கியபடி. "நீங்க பரண் மேல ஏறி ஒழிச்சுக்கிட்டே சொல்லுங்க, நான் கீழ உக்காந்து கேட்டுக்கறேன்."